ஆறு டெசிபல்

பாலையூற்று,
திருகோணமலை.
09.03.2025

அன்பின் வினோ,

அம்மாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் வழமைபோல. உன் சுகத்தை வட்ஸ்அப்பில் கேட்டால் ‘சுகம்’ என்று ஒற்றைச் சொல் வரும் என்பதால் இந்த முறை மின்னஞ்சலில் நீளமாகவே எழுதுகிறேன். பதிலும் நீளமாக வரவேண்டும்.

நீ ஒலிப்பதிவுக்கூடத்து வேலையை விட்டுவிட்டாயாம். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பதினான்கு வருடம் செய்த வேலை. ஏன் என்று கேட்கப்போவதில்லை. நாற்பத்தாறு வயதில் எனக்கும் சில காலைகளில் பாடசாலைக்குப் போகாமல் கதிரையிலேயே இருந்துவிடலாம் போலத்தான் இருக்கிறது. ஆனால் நீ இசையையே விட்டுவிடுவாயோ என்ற பயம் எனக்கு உண்டு. அதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஆகவே உனக்கு ஒரு வேலை. எங்கள் பாடசாலை ஒக்டோபர் பதினெட்டாம் திகதி மண்டபத்தில் ஒரு நாட்டிய நாடகம் போடுகிறது. கதை, கோட்டை மான்கள். பஸ் நிலையத்துக்கு வந்து பொலித்தீன் தின்கின்றனவே, அவைதான். நடனம் குணேஸ்வரி ரீச்சர், இசை நான். பதினெட்டு நிமிடம். வயலின், புல்லாங்குழல், மிருதங்கம் எல்லாவற்றையும் கணினியில் இசைக்குறி மென்பொருளில் ஐந்துகோட்டு மேற்கத்திய முறையில் எழுதி முடித்துவிட்டேன். ஆனால் அது வாசித்துக் காட்டும்போது விளையாட்டுச் சாமான் கடைக்குள் நிற்பதுபோல இருக்கிறது. நீ அதை உன் ஒலிப்பதிவு மென்பொருளுக்குக் கொண்டுபோய், உன்னிடம் இருக்கும் நல்ல வாத்திய ஒலிகளை ஏற்றிக் கலந்து தரவேண்டும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். மேடையில் பிள்ளைகள் இரண்டு பகுதி. இடது பக்க மான்கள் இடது ஸ்பீக்கரைக் கேட்டு உள்ளே வருவார்கள். வலது பக்க மான்கள் வலதைக் கேட்டு. சலங்கை ஒலி இடமிருந்து வலமாக ஓடவேண்டும். இதில் குணேஸ்வரி ரீச்சர் விட்டுக்கொடுக்கமாட்டா. “யசோ, எல்லாம் ஒரு பக்கத்தாலயே வந்தா அது மானில்ல, பட்டியால திறந்துவிட்ட மாடு” என்றா.

யோசித்து எழுது. அத்தானும் உன்னைக் கேட்டார்.

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
யசோ அக்கா


பேர்கன், நோர்வே
23.03.2025

அன்புள்ள அக்கா,

எனக்குத் தடிமன், மூக்கடைப்பு, அவ்வளவுதான். இந்த ஊரில் மழைக்கும் தடிமனுக்கும் முடிவில்லை. அம்மாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் போதும், ஆளாளுக்குச் சொல்லும் எண்ணெய்களைப் பூசவேண்டாம் என்று சொல்லுங்கள்.

இப்போது ஒரு பேக்கரியில் வேலை. பாண் மா குழைக்கும் பெரிய இயந்திரம் என் பொறுப்பு. வேலை கடினமில்லை. மா யாரையும் குறை சொல்வதுமில்லை. ஒலிப்பதிவுக்கூடத்துக் கதையை விட்டுவிடுங்கள்.

என்னால் ஏலாது என்று எழுதத்தான் இருந்தேன். பிறகு, மான் பொலித்தீன் தின்பதை அக்கா எந்த வாத்தியத்தில் எழுதியிருப்பா என்று யோசனை வந்துவிட்டது. இரண்டு நாளாக மா இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று அதையே யோசித்தேன். அனுப்புங்கள். இசைக்குறியை மிடி கோப்பாக மாற்றி அனுப்பினால் என் மென்பொருள் திறக்கும்.

ஒரு வேண்டுகோள். குரல் பதிவு அனுப்பவேண்டாம். தொலைபேசியிலும் வேண்டாம். பேக்கரி இரைச்சலில் ஒன்றும் விளங்காது. சொல்வதை எழுதியே அனுப்புங்கள்.

அன்புடன்,
வினோஜன்


பாலையூற்று
06.04.2025

அன்பின் வினோ,

தடிமன் விட்டுப்போயிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே வெயில் தொடங்கிவிட்டது. அம்மா எண்ணெயை விடுவதாக இல்லை. இப்போது பூசுவது மூன்றாவது எண்ணெய்.

மிடி கோப்பை இணைத்திருக்கிறேன். ஆனால் நல்ல பிள்ளையாகப் போய்ச் சேராது என்று நினைக்கிறேன். எங்கள் கணினிப் பாட ஆசிரியை பஹ்மியா, கிண்ணியாவிலிருந்து தினமும் பாலம் கடந்து வருபவள், அவளிடம் கொடுத்து ஆய்வுகூடக் கணினியில் இருக்கும் இலவச ஒலிப்பதிவு மென்பொருளில் திறந்து பார்க்கச் சொன்னேன். இரண்டு பாடவேளை கழித்து ஆசிரியர் அறைக்கு வந்தாள்.

“டீச்சர், ஒங்கட மான் பாதியில மௌத்தாப் போயிட்டு.”

“என்ன பிள்ளை சொல்றீர்?”

“பதினெட்டு நிமிசம் எண்டீங்க. இது பத்து நிமிசத்தில முடியிது. நானும் ஒண்டும் அழிக்கல்ல.”

பார்த்தால், திரும்ப வாசிக்கும்படி நான் போட்ட புள்ளிகளை எல்லாம் அது தாண்டிக்கொண்டு ஓடியிருக்கிறது. கடைசியில் வயலின் மெல்ல மெல்லத் தணிந்து நிற்கவேண்டும் என்று வரிக்கு மேல் எழுதியிருந்தேன். அதையும் காணவில்லை. எழுத்தை மனிதர் வாசிப்பார்கள், மிடி வாசிக்காது என்றாள் பஹ்மியா. இருபத்திரண்டு வருடம் படிப்பித்த எனக்கு அவள் சொல்லித்தான் அது தெரிந்தது. களைப்பாக இருந்தது. ஒரே இசை. ஒரு மென்பொருளில் எழுத்து, மற்றதில் ஒலி. நடுவில் பாதி கொட்டுண்டு போகிறது.

திரும்பும் இடங்களை எல்லாம் விரித்து, முழுக்க மறுபடியும் எழுதினேன். இணைப்பில் இருப்பது அதுதான்.

பொலித்தீனுக்கு என்ன வாத்தியம் என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வயலினின் கம்பியை வில்லின் மரப்பக்கத்தால் தட்டவேண்டும்.

கவனமாக இரு.
யசோ அக்கா


பேர்கன்
20.04.2025

அன்புள்ள அக்கா,

தடிமன் பரவாயில்லை. வில்லின் மரப்பக்கம் என்பதை வாசித்து எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரித்தேன்.

மிடி கோப்பு திறந்தது. நீளம் சரி. ஆனால் சத்தம் கூடுவதும் குறைவதும் போய்விட்டன. எல்லாச் சுரமும் ஒரே பலத்தில் விழுகின்றன. தட்டுவதும் இழுப்பதும் ஒன்றாகவே தெரிகின்றன. மிடி வேண்டாம். உங்கள் மென்பொருளில் எக்ஸ்எம்எல் என்று இன்னொரு வகை ஏற்றுமதி இருக்கும். அதில் இவை ஓரளவு தப்பி வந்துசேரும். அதோடு, தாளில் அச்சிடும் வடிவத்திலும் முழு இசைக்குறியை அனுப்புங்கள். பக்கத்தில் வைத்து வாசித்துக்கொண்டு வேலை செய்யப்போகிறேன்.

சலங்கையை மென்பொருள் ஒலியில் போடவேண்டாம், பொய்யாக இருக்கும். பிள்ளைகள் கட்டி ஆடுவதையே பதிவு செய்யுங்கள். பதிவு இசையின் பூச்சிய நொடியிலிருந்தே தொடங்கவேண்டும். இல்லாவிட்டால் மற்ற வாத்தியங்களோடு பொருத்த ஏலாது.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.
வினோஜன்


பாலையூற்று
11.05.2025

அன்பின் வினோ,

இங்கே எல்லோரும் நடமாடுகிறோம். சுகம் என்பதை அப்படித்தான் எழுதலாம்.

கேட்டவை எல்லாம் இணைப்பில். எக்ஸ்எம்எல் கோப்பைப் பஹ்மியா திறந்தபோது எல்லாமே பியானோவாக ஒலித்தது. மிருதங்கமும் பியானோ, மானும் பியானோ. “டீச்சர், இது கல்யாண ஹோட்டல்ல சாப்பாட்டுக்குப் போடுற பாட்டு” என்றாள். வாத்தியங்களை நீ திரும்பவும் ஒவ்வொன்றாகக் கொடுக்கவேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்.

தாளில் இசைக்குறி கேட்டது ஆச்சரியமாக இருக்கிறது. நீ இந்தப் பொட்டுகளைப் பார்த்து, “அக்கா, காதிருக்கிறவனுக்கு ஏன் இந்த எறும்புப் பத்தி” என்று சொன்னவன். இப்போது வாசித்துக்கொண்டு வேலை செய்யப் போகிறாயாம். வயது போகிறது போல.

சலங்கையைச் சனிக்கிழமை மண்டபத்தில் பதிந்தோம். எட்டாவது நிமிடத்தில் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதிவிட்டது. மறுபடி ஆடச் சொன்னால் பிள்ளைகள் என்னைத் தின்றுவிடுவார்கள் போல இருந்தது. விட்டுவிட்டேன். தேவையென்றால் அழித்துவிடு.

சித்திரை வருடப் பிறப்பன்று வீடியோவில் வந்தாயே, அதிலிருந்து அம்மாவுக்கு ஒரே யோசனை. “இவன் ஏன் தலையச் சரிச்சுக்கொண்டு கதைக்கிறான்? கழுத்துப் பிடிச்சிருக்கோ? பாண் மூட்டை தூக்குறானாக்கும்” என்கிறா. கழுத்து நோவென்றால் எழுது. நான்காவது எண்ணெய் உனக்குத்தான்.

அன்புடன்,
யசோ அக்கா


பேர்கன்
29.06.2025

அன்புள்ள அக்கா,

பதில் எழுதப் பிந்திவிட்டது. பேக்கரியில் ஆள் குறைவு.

வாத்தியங்களைக் கொடுத்துவிட்டேன். சுரங்கள் எல்லாம் வந்திருக்கின்றன. சத்தம் கூடிக் குறையும் இடங்களைத் தாளைப் பார்த்துக் கையால் ஒவ்வொன்றாக வரைந்தேன். முதல் கலவை இணைப்பில் இருக்கிறது. ஒத்திகையில் போட்டுப் பாருங்கள்.

கப்பல் ஊதலை அழிக்கவில்லை. மான் நிமிர்ந்து பார்க்கும் இடத்தில் அது தற்செயலாகவே சரியாக விழுந்திருக்கிறது. ஆனால் ஒன்று சொல்லுங்கள். அந்தக் கப்பல் மேடைக்கு எந்தப் பக்கத்திலிருந்து ஊதியது? இடமா, வலமா?

வினோஜன்


பாலையூற்று
13.07.2025

அன்பின் வினோ,

நீ சுகம் என்று வைத்துக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஒத்திகையில் போட்டோம். வாத்திய ஒலிகள் நல்லாயிருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் இடது பக்கம் வெடிக்கிறது. வலது பக்கம் அதற்குள் அமிழ்ந்து ஒன்றும் கேட்கவில்லை. சலங்கை இடது மூலையில் பெரிதாகத் தொடங்கி, நடுவுக்கு வரமுன்னே காணாமல் போகிறது. வலது பக்க மான்கள் ஒன்பது பேரும் தங்களுக்கான ஒலி வரும் வரும் என்று திரைக்குப் பின்னால் நின்றார்கள். வரவேயில்லை. கடைசியில் ஒரு பிள்ளை எட்டிப் பார்த்து, “மிஸ், எங்கட மான் எப்ப பிறக்கும்?” என்று கேட்க, மண்டபம் முழுக்கச் சிரிப்பு. குணேஸ்வரி ரீச்சர் சிரிக்கவில்லை. “உம்மட தம்பி பெரிய ஆள் எண்டு சொன்னீர்” என்று மட்டும் என்னிடம் சொன்னா.

கோப்பு மாறும்போதுதான் இடம் வலம் குழம்பியிருக்கும் என்று நினைத்தேன். நானும் பஹ்மியாவும் இரண்டு நாள் அதைத் தோண்டினோம். நாங்கள் அனுப்பியதில் பிழையில்லை. நீ கலந்ததில்தான் பிழை. முதல் கடிதத்திலேயே நான் கேட்டிருந்த ஒன்றே ஒன்று அது. கப்பல் எந்தப் பக்கம் என்று கேட்டு எழுதியவன், சலங்கை எந்தப் பக்கம் போகிறது என்று ஒருதரம் காதுகொடுத்துக் கேட்டிருக்கலாம்.

எனக்கும் வேலை இருக்கிறது, வினோ. மூன்று மாதமாக இந்தக் கோப்புகளோடு மாரடிக்கிறேன். விருப்பமில்லாமல் செய்கிறாய் என்றால் சொல்லிவிடு. பரவாயில்லை.

யசோ


பேர்கன்
10.08.2025

அக்கா,

நீங்கள் எழுதியது சரி. காதுகொடுத்துக் கேட்டிருக்கவேண்டும்.

ஒக்டோபருக்கு இன்னும் நாள் இருக்கிறது. வேறு நல்ல ஆளாகப் பாருங்கள். இதுவரை செய்ததை எல்லாம் இணைத்திருக்கிறேன், அவருக்கு உதவும். நான் இந்த மென்பொருளைக் கணினியிலிருந்து எடுத்துவிடப் போகிறேன்.

அம்மாவுக்குச் சுகம் சொல்லுங்கள்.
வினோஜன்


[அனுப்பாமல் வரைவிலேயே விட்டது]
12.08.2025

வினோ,

நேற்று முழுவதும் உன் கடிதத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். எழுதியது அவ்வளவு கடுமையில்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், சரிவரவில்லை.

இன்று காலை அம்மா எண்ணெய் வைத்து முழுகப் போனா. போகமுன் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு என்னிடம் ஏதோ சொன்னா. நான் பதில் சொன்னதும் தலையைச் சரித்து, ஒரு காதை என் பக்கம் கொண்டுவந்து, “என்ன?” என்றா.

குசினியில் சட்டியை வைத்தது வைத்தபடி விட்டுவிட்டு அறைக்குப் போனேன். என் இடது காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, ஹெட்போனை மாட்டி, நீ கலந்து அனுப்பியதை முதலிலிருந்து கேட்டேன்.

எல்லாம் சரியாக இருந்தது.

சலங்கை இடது மூலையில் மெதுவாகத் தொடங்கி, நடுவுக்கு வந்து, அளவாக வலது பக்கம் போய்ச் சேர்ந்தது. இவ்வளவு அழகாக ஓடுமென்று எழுதும்போது நானே நினைத்திருக்கவில்லை. பதினெட்டு நிமிடமும் அசையாமல் இருந்து கேட்டேன். பஞ்சை எடுத்தபோது இடது பக்கம் காதில் அறைந்தது.

உன் இடது காது கேட்கவில்லை. அதுதான் ஒலிப்பதிவுக்கூடத்தை விட்டாய். அதுதான் குரல் பதிவு வேண்டாம், அதுதான் தாளில் இசைக்குறி, அதுதான் சரித்த தலை. கப்பல் எந்தப் பக்கம் என்று நீ கேட்டது, உனக்கு அது தெரியாததால். சின்ன வயதில் வீட்டுக்குள் இருந்துகொண்டே எந்த இழுவைப் படகு, எந்தப் பக்கமாகத் திரும்புகிறது என்று சொன்னவன் நீ. உனக்குத்தான் நான் காதுகொடுத்துக் கேட்டிருக்கலாம் என்று எழுதினேன்.

இதை அனுப்பினால் எனக்குத் தெரியும் என்று உனக்குத் தெரிந்துவிடும். நீ சொல்லாமல் வைத்திருப்பதை நான் கையைவிட்டு எடுத்ததாகிவிடும். பிறகு இசையை மட்டுமல்ல, எனக்கு எழுதுவதையும் விட்டுவிடுவாய். அனுப்பாவிட்டால் நான் பொய் சொல்லவேண்டும்.

எனக்குப் பொய் சொல்லவும் களைப்பாக இருக்கிறது, தம்பி.


பாலையூற்று
17.08.2025

அன்பின் வினோ,

இந்த முறை சுகம் கேட்கமுன் மன்னிப்புக் கேட்கவேண்டும்.

பிழை எங்களுடையது. மண்டபத்து அம்பிளிஃபையரில் வலது பக்கத்து வயர் கழன்று கிடந்திருக்கிறது. நேற்றுத்தான் கண்டுபிடித்தோம். அதைத் திருத்திவிட்டுப் போட்டால் எல்லாம் நல்லபடி ஒலிக்கிறது. சலங்கை ஓடுவது மிக அழகு. இதை நான் சும்மா எழுதவில்லை.

நான் எழுதிய விதம் கூடாது. வெயிலும் வேலையும் என்று சாட்டுச் சொல்லலாம், ஆனால் சொல்லவில்லை.

மென்பொருளை எடுத்துவிடாதே. ஐந்தாவது பகுதியில் வில்லால் தட்டும் இடம் இன்னும் கொஞ்சம் காய்ந்த சத்தமாக வேண்டும். அதையும் செய்து செப்டெம்பர் முடியமுன் கடைசிக் கோப்பை அனுப்பு. வேறு ஆளெல்லாம் பார்க்க எனக்கு ஏலாது.

கப்பல் ஊதியது மேடைக்கு வலது பக்கத்திலிருந்து. துறைமுகம் அந்தப் பக்கம்தானே.

என்றும் அன்புடன்,
யசோ அக்கா


பாலையூற்று
19.10.2025

அன்பின் வினோ,

சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். செப்டெம்பரில் கோப்பு மட்டும் வந்தது, கடிதம் வரவில்லை. கோப்பாவது வந்ததே என்று இருந்துவிட்டேன்.

நேற்று நாடகம் நல்லபடி முடிந்தது. மழை வந்தும் மண்டபத்தில் இருக்க இடமில்லை. வலது பக்க மான்கள் நேரத்துக்குப் பிறந்தார்கள். பொலித்தீன் தின்னும் இடத்தில், வில்லின் மரச்சத்தத்துக்குச் சனம் மூச்சுவிடாமல் இருந்தது. கப்பல் ஊதியபோது முன்வரிசையில் இரண்டு பேர் உண்மையான கப்பலென்று யன்னல் பக்கம் திரும்பினார்கள். குணேஸ்வரி ரீச்சர் என் கையைப் பிடித்து, “அடுத்த முறைக்கும் உம்மட தம்பிதான்” என்றா. ‘ஓம்’ என்று சொல்லிவிட்டேன், உன்னைக் கேட்காமல்.

அம்மாவை முன்வரிசையில் இருத்தினோம். நாடகம் முடிந்ததும் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம், “பாட்டு என்ர மகன்” என்று சொன்னா. எழுதிய நான் பக்கத்தில்தான் நின்றேன்.

படங்களும் வீடியோவும் நேற்றுப் போட்ட இசைக் கோப்பும் ஒரே கோப்புறையில் இருக்கின்றன. பஹ்மியா இணைப்பை அனுப்புவாள்.

அன்புடன்,
யசோ அக்கா


பேர்கன்
02.11.2025

அன்புள்ள அக்கா,

நான் நலமில்லை. இந்த வருடம் முழுவதும் வேறுவிதமாக எழுதி வந்தேன்.

பஹ்மியா அனுப்பிய கோப்புறையில் அன்று போட்ட இசைக் கோப்பைத் திறந்தேன். நான் செப்டெம்பரில் அனுப்பியதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கேட்கவில்லை, பார்த்தேன். என் மென்பொருளில் ஒலி வரைபடமாகத் தெரியும். உங்கள் கோப்பில் இடது பக்கம் ஆறு டெசிபல் குறைந்திருக்கிறது. சலங்கை ஓடும் இடத்தில் மட்டும் அந்தக் குறைப்பு படிப்படியாக விடுபடுகிறது. கணினி தெரிந்தவர்கள் ஒரேயடியாகக் குறைப்பார்கள். இசை தெரிந்தவர்தான் இப்படி விடுவார். இது நீங்கள். மண்டபத்தில் எந்த வயரும் கழன்றிருக்கவில்லை.

ஜனவரியில் ஒருநாள் காலை எழுந்தபோது இடது காதுக்குள் தண்ணீர் போனதுபோல இருந்தது. தடிமன் என்று மூன்று வாரம் விட்டுவிட்டேன். மருத்துவர், முதல் சில நாட்களிலேயே வந்திருந்தால் ஏதும் செய்து பார்த்திருக்கலாம் என்றார். மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. திரும்பி வராதாம். அந்த மூன்று வாரத்துக்குள் ஒரு கலியாண வீட்டுப் பாட்டைக் கலந்து கொடுத்தேன். கூடத்தில் எல்லோருக்கும் முன்னால் அதைப் போட்டுக் கேட்டார்கள். ஒருவன் எழும்பிப் போய் இடது ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்தான். அடுத்த நாளே வேலையை விட்டேன்.

உங்கள் வேலையை ஒலியளவு காட்டும் மீற்றரைப் பார்த்துத்தான் செய்தேன். இரண்டு பக்கமும் சமம் என்று கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் ஹெட்போனை மாட்டினால் இடது பக்க மான்கள் காணாமல் போனார்கள். கண்ணை நம்பக் கை மறுத்தது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம், கொஞ்சம் என்று கூட்டினேன். உங்கள் ஜூலைக் கடிதம் வந்தபோது எனக்குப் பிழை எங்கே என்று தெரியும். இருந்தும் வயர் கழன்றிருந்தது என்று நீங்கள் எழுதியதும் நம்பினேன். நம்புவது சுகமாக இருந்தது. அதனால்தான் செப்டெம்பரிலும் அப்படியே அனுப்பினேன்.

உங்களோடு கோபமில்லை. கோபப்படவும் பார்த்தேன், வரவில்லை. ஒன்றை மட்டும் கேட்கவேண்டும். அடுத்த முறைக்கும் நான்தான் என்று சொன்னீர்களாம். அது என் வேலைக்காகவா, என் காதுக்காகவா?

வினோ


பாலையூற்று
09.11.2025

அன்பின் வினோ,

நலமில்லை என்று எழுதினாயே, இந்த வருடம் உன்னிடமிருந்து வந்த வரிகளில் எனக்கு ஆறுதல் தந்தது அதுதான்.

ஓகஸ்ட்டில் உனக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்பாமல் வைத்திருந்தேன். கீழே அப்படியே ஒட்டியிருக்கிறேன். பஞ்சு வைத்துக் கேட்டதெல்லாம் அதில் இருக்கிறது. நீ வாசித்தபின் திட்டலாம். எனக்குத் தெரியும் என்பதை மறைக்க முதலில் கடிதத்தில் ஒரு வயரைக் கழற்றினேன். பிறகு உன்னைக் கேட்காமல் உன் வேலையில் கைவைத்தேன். அது அக்கறையா பயமா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நீ கேட்டதற்குப் பதில். வில்லின் மரச்சத்தத்துக்கு மண்டபம் மூச்சை அடக்கியதே, அந்த ஒலியை நான் எழுதவில்லை. தாளில் நான் எழுதியது நாலு பொட்டு. அதை அப்படி ஒலிக்க வைத்தவன் நீ. உன் வலது காதும் உன் கையும் போதும் என்று பொய் சொல்லமாட்டேன். போதாது. அந்த மிச்சத்துக்கு நான் இருக்கிறேன். அந்த ஆறு டெசிபலைக் குறைக்க எனக்கு மூன்று வாரம் எடுத்தது. ஒலிப்பதிவு மென்பொருளை நான் வாழ்க்கையில் தொடமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். பஹ்மியாவிடம் பிள்ளைகளோடு பிள்ளையாக இருந்து படித்தேன். “டீச்சர், மவுஸைப் பாம்பு மாதிரிப் பிடிக்காதீங்க” என்றாள். இன்னும் அப்படித்தான் பிடிக்கிறேன்.

அம்மாவுக்கு நீயே சொல்லவேண்டும். சீக்கிரம் சொல். ஒஸ்லோவுக்குப் போகும் ஒருவரிடம் உன் கழுத்துக்கென்று எண்ணெய்ப் போத்தலைக் கொடுத்துவிட்டா. போன திங்கட்கிழமையே போய்விட்டது.

அடுத்த நாடகம் மார்ச்சில். பன்னிரண்டு நிமிடம்தான். எக்ஸ்எம்எல் ஒன்று, தாளுக்கு ஒன்று, நீ கேட்கும் ஒழுங்கிலேயே இணைத்திருக்கிறேன். திரும்பும் இடங்களை விரித்துவிட்டேன். இடமும் வலமும் இந்த முறையும் இருக்கின்றன. உனக்காக ஒரு பக்கமாக எழுதவில்லை. நீ உனக்குக் கேட்கிறபடி கலந்து அனுப்பு. இடது பக்கத்தை நான் பார்ப்பேன்.

எவ்வளவு குறைத்தேன் என்று எழுதி அனுப்புவேன்.

யசோ அக்கா